பின்னால் நின்ற மூன்று மாதம்

சொல்வதை எழுதுதல் நோட்டில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்திருந்தாள் பொன்னி. புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பதினொரு பிள்ளைகள். அதில் முதல் பிள்ளை இவள். மூன்றாம் வகுப்பில் என் கைக்கு வந்ததிலிருந்து பத்துக்கு ஒன்பதுக்குக் குறைந்து வாங்கியதில்லை. பள்ளியைப் பார்வையிட யார் வந்தாலும் வாசிக்கச் சொல்லி நான் எழுப்பிவிடுகிற ஆள் அவள்தான். அவளுக்கு இப்போது பத்துக்குப் பூஜ்யம். போன வாரம் இரண்டு.

"இன்னாடி இது?"

"தெரியல டீச்சர்."

"மத்தவங்களுக்கெல்லாம் தெரியுது, உனக்கு மட்டும் தெரியலியா? ஆர்த்தி வர்ல. அதான தெரியல?"

அவள் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஆர்த்தி அம்மை போட்டுப் பத்து நாளாக வீட்டில் கிடந்தாள். ஆர்த்தியும் இல்லை, பொன்னிக்கு மார்க்கும் இல்லை. இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? மூன்று வருஷமாக இந்தப் பெண் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள், நானும் மங்குணி மாதிரி 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற மாதிரி, "காப்பியடிச்சிக்கினுதான் ஃபர்ஸ்ட் வந்தியா? போ, கடைசி பெஞ்சுல போய் உக்காரு" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்களுடையது திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியர் அரங்கநாதன் சாருக்கு. மூன்று, நான்கு, ஐந்து எனக்கு. வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த மாற்றங்களைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நாற்காலியை வெளியே போடு, பிள்ளைகளோடு பாயில் உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். பாடத்துக்கு அட்டை கொடுத்தார்கள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டுகிற ஏணிப்படம் கொடுத்தார்கள், சுவரெல்லாம் ஒட்டினேன். அட்டை போய்ப் பயிற்சிநூல் வந்தது. பதிவேடு போய் செல்போன் வந்தது. சில பேர் எது வந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே ஆறு மாதம் தள்ளுவார்கள், அதற்குள் அதுவே மாறிவிடும். நான் அப்படி இல்லை. எது வந்தாலும் முதல் வாரமே என் வகுப்பில் நடக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சூர்யகலா டீச்சர் வகுப்பைப் போய்ப் பாருங்கள் என்று மற்ற பள்ளிக்காரர்களை அனுப்பி வைப்பார்கள்.

பொங்கல் லீவு முடிந்ததும் ஸ்மார்ட் போர்டு வந்தது. சுவர் அகலத்துக்குத் திரை, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. அதற்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த பையன் கெட்டிக்காரன். "நீங்க முன்னாடி நின்னா பிள்ளைங்க உங்களத்தான் பாக்கும், திரையப் பாக்காது. பின்னாடி நில்லுங்க மேடம். அங்கேர்ந்து யார் என்ன பண்றாங்கன்னும் தெரியும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே ரிமோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பின் பின்சுவர் ஓரமாகப் போய் நின்றுவிட்டேன். போர்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வகுத்தல் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற வல்லரசு, திரையில் மாம்பழத்தைக் கூறு போட்டுக் காட்டினதும் ஒரே வாரத்தில் வகுத்துத் தள்ளினான். சொல்வதை எழுதுதலுக்குக்கூட ஒலிபெருக்கியே சொல்லைச் சொல்லிவிடும். என் தொண்டைக்கும் ஓய்வு. அதுவரை நான் பாடம் நடத்துவதென்றால் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, பல் தெரிய வாயைத் திறந்து கத்திக் கத்தித்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குரல் இருக்காது.

பொன்னியின் அம்மாவை வரச் சொன்னேன். சவுரியம்மாள் வயலிலிருந்து அப்படியே வந்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. புருஷன் தேவசகாயம் சென்னையில் கட்டிட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான். நான் நோட்டை விரித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒன்றும் எழுதாத பக்கம் யாருக்கும் புரியும்.

"உன் பொண்ணுக்குப் படிப்பு ஏறல சவுரி. இத்தினி நாளா பாத்து எழுதிக்கினு இருந்திருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவள் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வூட்லயும் அப்படித்தான் டீச்சர். பத்து வாட்டி கூப்ட்டாலும் இன்னான்னு கேக்கமாட்டா. திமிரு. ஆறாவதுக்கு திண்டிவனம் அனுப்பலாம்னு இருந்தோம். டீச்சரே ஏறலன்னு சொன்னப்பறம் பஸ்ஸுல அனுப்பிட்டு நான் எங்க பேஜாரு படறது? என்கூட மல்லாட்டை புடுங்க வரட்டும்."

அப்படியெல்லாம் பண்ணாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனோ என்னவோ, பலமாகச் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டேன் என்கிற காந்தல் எனக்கு அடங்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆர்த்தி வந்துவிட்டாள். முகத்தில் அம்மை வடு மறையாமல் இருந்தது. அன்றைக்கும் சொல்வதை எழுதுதல். நான் வழக்கம்போலப் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்கு நேர் முன்னால் கடைசி பெஞ்சில் பொன்னி. அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் ஆர்த்தி. எங்கள் ஊர் மல்லாட்டையை ஒலிபெருக்கி 'வேர்க்கடலை' என்றது. எல்லாரும் குனிந்தார்கள். ஆர்த்தி மட்டும் உடம்பைத் திருப்பிப் பொன்னியைப் பார்த்து வாயசைத்தாள். சத்தமே இல்லை. பொன்னி குனிந்து எழுதினாள். அடுத்த சொல். மறுபடியும் ஆர்த்தி திரும்பினாள். என் கண்ணெதிரே, என்ன துணிச்சல் பாருங்கள்! ஐந்து சொல் வரைக்கும் விட்டுப் பிடித்தேன்.

"ஏய் ஆர்த்தி! எழுந்திரு. இன்னா சொல்லிக் குடுக்கற அவளுக்கு?"

ஆர்த்தி எழுந்து நின்றாள். பயந்த பிள்ளை அவள், ஆனால் அன்றைக்குப் பயப்படவில்லை. நான் என்னமோ தெரிந்த விஷயத்தையே கேட்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"விடை சொல்லல டீச்சர். டிவி சொன்னதத்தான் சொன்னேன். அவளுக்கு மூஞ்சக் காட்டித்தான பேசணும்?"

"யாருக்கு?"

"பொன்னிக்கு. முதுகு காட்டிக்கினு சொன்னா அவளுக்குத் தெரியாதே. வெளாட்டுல கூட நாங்க தொட்டுத்தான் கூப்புடுவோம்."

வல்லரசு ஆமாம் என்று தலையாட்டினான். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் ஆட்டியது. வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பொன்னி மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல், ஆறாவது சொல்லுக்காக ஆர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகுக்கு நேர் பின்னால், இரண்டடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

"பொன்னி" என்றேன். சடை அசையவில்லை.

"பொன்னி."

மூன்றாவது முறை நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறையிலிருந்து அரங்கநாதன் சார் ஓடி வந்துவிட்டார். அப்போதுதான் பொன்னி லேசாகத் தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

மத்தியானம் போனை எடுத்து, பதிவேட்டுக்குப் பதிலாக வந்த ஆப்பைத் திறந்தேன். வருஷா வருஷம் ஜூலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. கண் எப்படி, காது எப்படி, நடை எப்படி, பேச்சு எப்படி என்று கேள்விகள். ஒவ்வொன்றாக நிரப்பினால் ஒரு நாள் போய்விடும். அதனால் எல்லாரையும் தேர்ந்தெடுத்து, 'குறைபாடு இல்லை' என்று ஒரே தட்டில் முடித்துவிடுவோம். நான்தான் எதையும் முதலில் முடிக்கிறவள் ஆயிற்றே. மூன்று வருஷமும் எங்கள் வட்டாரத்திலேயே முதலாவதாக முடித்திருந்தேன். தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. இருபத்துமூன்று பிள்ளைகளின் கண்ணையும் காதையும் நான் பரிசோதித்து முடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

"நானும் அப்படித்தாம்மா போடறேன். எல்லாரும் அப்படித்தான்" என்றார் அரங்கநாதன் சார். "இப்பப் போய் மாத்துனா ஏன் மூணு வருஷமா போடலன்னு விளக்கம் கேப்பாங்க. இன்னும் பதினஞ்சு நாள். ஆறாவது போயிடுவா. அங்க பாத்துக்குவாங்க."

நல்ல மனுஷன் அவர், எனக்காகத்தான் சொன்னார். "அங்க அறுபது பிள்ளைங்க சார்" என்றேன். விளக்கக் கடிதத்தை அப்போதே எழுதி அவர் மேஜையில் வைத்தேன். எழுத எழுத எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் நான் நல்ல டீச்சராக இருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியாமல். மூன்று மாதம் கெட்ட டீச்சராக இருந்திருக்கிறேன், அதுவும் எனக்குத் தெரியாமல்தான். தெரிந்து நான் என்னதான் செய்திருக்கிறேன்?

வியாழக்கிழமை லீவு போட்டு, தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் பொன்னியை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்று டாக்டரம்மா சொல்ல, பொன்னி அவர் முகத்தைப் பார்த்து உடனே விரலைத் தூக்கினாள். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு விரல் ரொம்ப நேரம் மடியிலேயே இருந்தது. சவுரியம்மாள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "தூக்குடி, தூக்குடி" என்று வெளியிலிருந்து கெஞ்சினாள்.

இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை, பிறந்ததிலிருந்தே இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பொன்னியிடம் பெயர், ஊர், பாடம் என்று பேச்சுக் கொடுத்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு கேக்காத பிள்ளை இவ்வளவு தெளிவாப் பேசறது அபூர்வம். யாரு பழக்கினது?"

"டீச்சர்தாம்மா" என்று சவுரியம்மாள் என்னைக் காட்டினாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சவுரியம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கூப்ட்டா திரும்பமாட்டன்றான்னு எத்தினி அடி அடிச்சிருக்கேன் டீச்சர்." அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ஆறாவது சேத்துடலாமா? நீங்க சொன்னா சரி" என்றாள். நான் சொன்னால் சரியாம். "சேத்துடு. சேக்கற அன்னிக்கு நானும் வர்றேன். கிளாஸ் டீச்சர்கிட்ட நான் பேசறேன்" என்றேன்.

திண்டிவனம் பஸ்ஸில் கூட்டமில்லை. சவுரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். பொன்னி ஜன்னலோரம், நான் பக்கத்தில். விக்கிரவாண்டி தாண்டும் வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், மத்தவங்களுக்கு மூஞ்சப் பாக்காமலே கேக்குமா?"

"கேக்கும்டா."

"ஆர்த்திக்கு?"

"அவளுக்கும் கேக்கும்."

"பின்னாடிலேர்ந்து சொன்னா கூடவா?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "எனக்கு அது தெரியாது டீச்சர். எல்லாரும் முன்னாடியே படிச்சிக்கினு வர்றாங்க, நான் மட்டும் மக்குன்னு நெனச்சேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் மன்னிப்பு கேட்டதில்லை. டீச்சர் கேட்கக்கூடாது, கேட்டால் வகுப்பு அடங்காது என்று வேலைக்கு வந்த புதிதில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

அவளே சொன்னாள். "நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர். கேக்குதா பாக்கலாம்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஜன்னல் காற்றில் முடி முகமெல்லாம் பறந்தது. அவள் காதுப் பக்கமாகக் குனிந்தேன். மூடின கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "நீ மக்கு இல்லடா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். எல்லார் எதிர்லயும் உன்னத் திட்டிட்டேன். என்ன மன்னிச்சிடு" என்று சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"ம்."

"இன்னா சொன்னீங்க?"

இரண்டு கண்ணையும் திறந்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, சீட்டில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, அவள் என் வாயையே பார்த்தாள்.