பள்ளத்தாக்குக் கட்சியின் கடைசிக் கூட்டம்

வாய்க்கரிசித் தட்டை ஐயர் நீட்டியபோது கலாவதி பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் ஜெனனி முழங்கையைத் தொட்டு, "அம்மா, போடுங்கோ" என்ற பிறகுதான் கை அரிசிக்குப் போனது. குலேந்திரனின் உதட்டோரத்தில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டன. மற்றவை சால்வை மடிப்புக்குள் விழுந்தன. சுவிஸின் துன் நகர மயான மண்டபத்தின் கதவு மறுபடி திறந்தது, அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வந்தவர்கள் பேர்ண் கோவில் ஆட்கள்.

அவள் எதிர்பார்த்து நின்றது ஒரு பெண்ணை. இத்தாலிக்காரி. வயது ஐம்பத்தைந்து அறுபது இருக்கலாம். கையில் பூவோடு வருவாள், அழுவாள், சனம் முழுக்க அவளையும் பார்க்கும், கலாவதியையும் பார்க்கும். மூன்று நாளாக இதுதான் அவளுடைய நித்திரையைத் தின்றது. புருசன் செத்த துக்கத்தை நிம்மதியாகத் துக்கப்படக்கூட விடவில்லை.

எல்லாம் தம்பி விஜிதரன் பார்த்த வேலை. மரண அறிவித்தலில் தொடர்புகளுக்கு என்று நாடு நாடாக நம்பர் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம்; நாடு கூடக் கூடச் செத்தவருக்கு மதிப்பு. சுவிஸ், கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று நாலு நாடு சேர்த்தவனுக்கு அது போதவில்லை. அத்தானுடைய கைபேசியை எடுத்து நோண்டியிருக்கிறான். அதில் 'வீடு இத்தாலி' என்று ஒரு நம்பர். ஒருவரிடமும் கேட்கவில்லை. 'வீடு – இத்தாலி' என்று ஐந்தாவதாகப் போட்டு, இணையத்தில் ஏற்றி, ரேடியோவுக்கும் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு தொடங்கியது. கனடாவிலிருந்து மச்சாள் அழுது முடித்த கையோடு, இத்தாலியிலும் வீடு இருக்கிறதா, எங்களுக்குச் சொல்லவேயில்லையே என்று கேட்டாள். லண்டன் பெரியம்மாவின் மகள் அந்த நம்பருக்கே எடுத்துப் பார்த்திருக்கிறாள். யாரோ எடுத்து இத்தாலியனில் ஏதோ கேட்டார்களாம்; குரல் ஆணா பெண்ணா என்று மட்டுக்கட்ட முடியவில்லையாம். 'ஆணா பெண்ணா' என்ற இடத்தில் அவள் குரலை இழுத்த இழுவை கலாவதியின் காதை விட்டுப் போகவில்லை.

ஆனால் சனத்தைச் சொல்லி என்ன? அவளுக்குத் தெரியாததா? இருபத்தாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்த மனிதன் பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொள்வான். மாரியென்றால் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போவான். அரை மணித்தியாலம் இத்தாலியனில் பேச்சு. சில நேரம் முதுகு குலுங்கச் சிரிப்பு. ஹோட்டல் குசினியில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து அவளோடு பத்து வார்த்தை பேசாதவன் அங்கே யாரோடு சிரித்தான்? கேட்டால், "முந்தி வேலை செய்த இடம். உமக்கு விளங்காது" என்பான். அதற்கு மேல் கேட்க அவளுடைய ரோசம் விடவில்லை. இப்போது நம்பர் கையில் இருந்தும் அவள் எடுக்கவில்லை. எடுத்தால் பதில் வந்துவிடும்.

பெண்கள் வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். எண்பது தாண்டியிருக்கும். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் நின்ற பெண்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து, தானும் ஒரு பிடி அரிசியை எடுத்தார். குனிந்து ஏதோ சொன்னார். அரிசியைப் போட்டுவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அதுவரை அங்கே ஒருவரும் அப்படி அழவில்லை, கலாவதி உட்பட.

ஹோட்டல் முதலாளியாக இருக்கும் என்று விஜிதரன் காதுக்குள் சொன்னான். ஜெனனி போய்க் கிழவரின் கையைப் பிடித்தாள். தகப்பனின் பிடிவாதத்தால் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் இத்தாலியன் படித்தவள் அவள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அம்மா, அந்த நம்பர் இவற்றதான்."

"இவர் ஆர்?"

"செவெரினோ எண்டு பேர். அப்பா முதல் வேலை செய்த சாப்பாட்டுக்கடைக்காரர். மூண்டு நாளா விளங்காத பாஷையில போன் வந்துகொண்டே இருந்ததாம். எல்லாரும் அழுதுகொண்டு அப்பான்ர பேரைச் சொல்லிச்சினமாம். அப்பிடித்தான் தெரிஞ்சதாம்."

கலாவதி கிழவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"வேற ஒருத்தரும் வரேல்லையோ எண்டு கேள்."

"தனியத்தான் இருக்கிறாராம், அம்மா. கலியாணமே கட்டேல்லையாம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பெண் என்றால் மனதுக்குள்ளாவது மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம், திட்டித் தீர்த்திருக்கலாம். இந்தக் கிழவரை என்ன செய்வது? இந்த மனிதன் தன்னோடு இருந்ததைவிடத் தொமொதொசோலா எல்லை ஸ்டேசனுக்கு அங்கால் ஒரு கிழவனோடு இருக்கத்தான் விரும்பினானா? மேடையில் ஒருவர் அமரர் குலேந்திரனின் விருந்தோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பெட்டி உள்ளே போனது. வீட்டுக்கு வந்து, குளித்து, வந்த சனம் சாப்பிட்டு, மூன்றரைக்கெல்லாம் கிளம்பிவிட்டது. அடுத்த நாள் எல்லோருக்கும் விடிய வேலை. விஜிதரனும் ஃப்ரிபூர்க் ரயிலுக்கு ஓடினான். கிழவரின் ரயில் ஆறு மணிக்குத்தான். சோற்றையும் பருப்பையும் கரண்டியால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, கதிரை நுனியில் இருந்தார். பக்கத்தில் பழைய தோல் பை.

"என்ன கதைச்சவையாம் இவ்வளவு வருசமும்?" என்று கலாவதி மகளிடம் கேட்டாள். இனிக் கேட்பதற்கு என்ன ரோசம்.

"கட்சி, அம்மா. ஒரு கட்சியைப் பற்றி."

"இயக்கமோ?"

"இல்லை. இத்தாலிக் கட்சி."

கலாவதிக்குச் சிரிப்பதா எரிவதா என்று தெரியவில்லை. கிழவர் சொல்லச் சொல்ல ஜெனனி இடையிடையே சொல் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு, ஐந்து சின்ன ஊர்கள். அங்கே அணை கட்டினார்கள். மின்சாரம் நகரத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் தங்களுடைய பேச்சைப் பேசிய பிள்ளைகள் மூலையில் நிற்க வேண்டியிருந்தது. அப்படி மூலையில் நின்று வளர்ந்தவர்கள் பதினொரு பேர், எண்பத்துநான்காம் ஆண்டு, செவெரினோவின் கடைப் பின்னறையில் கூடிக் கட்சி தொடங்கினார்கள். தண்ணீர் எங்களுடையது, பாஷை எங்களுடையது, முடிவு மட்டும் ரோமில் எடுப்பதா என்பதுதான் அவர்களுடைய பேச்செல்லாம். ஏழு வருடம் கழித்து அந்தக் கடைக்குக் கோப்பை கழுவ வந்த குலேந்திரன், குழாயை மூடிவிட்டுக் கதவோரம் நின்று கேட்பானாம். அவனுக்கு அதில் ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். பள்ளத்தாக்கில் மூன்று மாரி கழித்தவர் எவரும், அவர் வீட்டாரும், உறுப்பினராகலாம் என்பது அவர்களுடைய விதி. நாலாவது மாரியில் அவன் கட்சியின் செயலாளர்; சுவிசுக்கு வந்த பிறகும் அவன்தான்.

அந்த எழுத்தைக் கலாவதி கடைக்குப் போகும் துண்டுகளில்தான் பார்த்திருக்கிறாள். பால் இரண்டு, வெங்காயம், உப்பு.

அந்த நாளில்தான் இத்தாலியின் வடக்கில் பெரிய கட்சியொன்று எழும்பிச் சின்னக் கட்சிகளை ஒவ்வொன்றாக வாரிச் சேர்த்ததாம். முதலில் தெற்கத்தியரை ஏசினார்கள். பிறகு வெளிநாட்டாரை ஏசினார்கள். தனிநாடு என்று கொடி பிடித்தார்கள். பின்னாளில் நாடு முழுக்க வாக்குத் தேவைப்பட்டதும் கொடியைச் சுருட்டிவிட்டு, வடக்கு என்ற சொல்லைக்கூடச் சுவரொட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது கிழவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சிரித்தது இதற்குத்தானாம்.

பெரிய கட்சி பள்ளத்தாக்குக்கும் ஆள் அனுப்பியது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வாக்கெடுப்பு. சேர வேண்டும் என்று பதினெட்டு, வேண்டாம் என்று பத்தொன்பது. சுவிசிலிருந்து தபாலில் வந்த இரண்டு வாக்கு இல்லையென்றால் கட்சி அன்றைக்கே போயிருக்கும். பதினெட்டுப் பேரும் எழுந்து போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். கடைசி ஒன்பது வருடம் கூட்டம் என்பது ஞாயிறு நாலு மணிக்கு இரண்டு பேர் டெலிபோனில் கதைப்பது. இங்கே குலேந்திரன் குறிப்பெழுதித் தபாலில் அனுப்புவான், அங்கே கிழவர் கையெழுத்துப் போடுவார்.

"ரெண்டு வாக்கோ?" என்றாள் கலாவதி. "இஞ்சயிருந்து மற்றது ஆர்?"

ஜெனனி கேட்டாள். கிழவர் பையைத் திறந்து உறுப்பினர் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். பெயர்கள் பெரும்பாலும் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தன. வெட்டாத பெயர்கள் மூன்றே மூன்று. மூன்றாவதற்கு நேரே ஒட்டிய துண்டில் தமிழில் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக, பயந்து பயந்து எழுதியது. அவளுடையது.

கலாவதிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது அவள் சுவிசுக்கு வந்து இறங்கி ஐந்து மாதம். ஒரு பேப்பரைக் கொண்டுவந்து வைத்து, இதில் ஒரு கையெழுத்துப் போடும் என்றான். விசாவுக்காக்கும் என்று நினைத்துப் போட்டாள். ஸ்பொன்சரில் வந்த பெண்கள் எல்லோரும் புருசன் விரல் வைத்த இடத்தில் போட்டவர்கள்தான். அவளுக்கு இப்போது சரியான கோபம் வந்தது. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆள் இல்லை. நாளைக்குச் சாம்பல் தருவார்கள்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆள் சேர்க்கிறதுக்கு மட்டும் நான்."

ஜெனனி அதை மொழிபெயர்க்கவில்லை. கிழவர் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கலாவதி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, மூன்று நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"என்னைப் பற்றி அவர் எப்பவாவது கதைச்சவரோ எண்டு கேள், பிள்ளை."

கிழவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர் போல. நெற்றியைத் தடவி யோசித்தார். இல்லை, வீட்டுக் கதை இரண்டு பேரும் பேசுவதில்லை என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்து, விரலை உயர்த்தினார்.

"அந்த வாக்கெடுப்பு நேரம்," என்றாள் ஜெனனி, கிழவரின் வாயைப் பார்த்துக்கொண்டே. "மனிசியின்ர வாக்கையும் எண்ணலாமோ எண்டு சில பேர் சண்டை பிடிச்சவையாம். இந்த ஊரையே பாத்திராத ஆளெண்டு. அப்பா போன் எடுத்துச் சொன்னாராம்… எங்கட வீட்டில நாங்கள் ரெண்டு பேர், ரெண்டெண்டு எழுதுங்கோ எண்டு."

கலாவதிக்குத் தொண்ணூற்றெட்டு மாரி ஞாபகம் வந்தது. பாஷை தெரியாது, பஸ் ஏறத் தெரியாது. கதவு மணி அடித்தால் அறைக்குள் போய் நின்றுகொள்வாள். நாள் முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் அவளுக்கு அன்றைக்கும் வாக்கில்லை, இன்றைக்கும் இல்லை. அவளை ஒரு ஆள் என்று எங்கேயோ ஒரு மலைக்குள் எண்ணி எழுதியிருக்கிறார்கள். சொல்லியிருந்தால் என்ன? ஒரு சொல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கதவைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? அவள் இருந்து அழுதாள். மண்டபத்தில் வராத அழுகை. ஜெனனி அவளைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணியானபோது அவர் பையிலிருந்து கூட்டக் குறிப்பேட்டை எடுத்தார். தயங்கித் தயங்கி ஜெனனியிடம் பேசினார். கடையை விற்றுவிட்டார். அடுத்த மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். போகுமுன் கட்சியை ஒழுங்காகக் கலைத்துவிட வேண்டும், அநாதையாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. அதற்குக் கூட்டம் கூட்டிப் பெரும்பான்மை வாக்கு எடுக்க வேண்டும். இப்போது உயிரோடிருக்கும் உறுப்பினர் இரண்டு பேர். இரண்டு பேரும் இங்கேயே இருக்கிறார்கள்; இரண்டு கையும் உயர்ந்தால்தான் கட்சி கலையும். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும்.

பதிவேட்டில் குலேந்திரன் என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். குறிப்பேட்டில் திகதி எழுதினார். இடம் என்ற இடத்தில் துன் என்று எழுதினார். வந்தோர், இரண்டு.

"அம்மா, கலைக்கச் சம்மதமெண்டால் கையை உயர்த்தட்டாம்" என்றாள் ஜெனனி. "சும்மா உயர்த்தி விடுங்கோ. பாவம், அவருக்கு ரயிலுக்கு நேரமாகுது."

செவெரினோ தன் வலது கையை உயர்த்தினார். கோட்டுக் கை கீழே நழுவி, மெலிந்த மணிக்கட்டு தெரிந்தது. கலாவதியைப் பார்த்தார், தலையை மெல்ல அசைத்தார்.

கலாவதியின் கைகள் மடியில் இருந்தன. அவள் ஒன்றை மற்றதன் மேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா."

அவள் அசையவில்லை. கிழவரின் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டுப் போனது. அவருடைய கை இன்னும் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. பிறகு அதை அவர் மெதுவாக இறக்கி, மேசையில் வைத்தார்.