மோட்டார் துப்பிய தண்ணீர்

1

இந்தக் கதை மிளகு அளவு ஓட்டை ஒன்றிலிருந்து வந்தது. அதை அடைத்தவர் சிம்மக்கல்லில் பம்புசெட் மெக்கானிக்காக இருக்கும் பாண்டியராஜன். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வைகையில் தண்ணீர் ஓடாத ஊரில் ஒரு படகு மோட்டார்…’ வேண்டாம். இந்த ஊரில் பேனா எடுத்தவர்கள் எல்லோரும் முதலில் வைகையைத்தான் காயப்போடுகிறோம். ஒச்சாயி படகு ஓட்டுவது அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கண்மாயில். அது நிரம்பித்தான் கிடக்கிறது.

2

மீன்பிடிக் குழுவில் படகு ஓட்டும் ஒரே பெண் ஒச்சாயி. பழைய இரும்புக் கடையில் கிடந்த அந்த மோட்டாரைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எஞ்சினுக்கு என்னைவிட வயது அதிகம். பாண்டியராஜன் கார்பரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, பெட்ரோலில் ஆயில் கலந்து, தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தார். பதினோராவது இழுப்பில் உயிர் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் மோட்டாரின் பக்கவாட்டில் தண்ணீர் பீச்சுவதைப் பார்த்தார். முப்பது வருடமாக ஒழுகலை அடைத்தே பிழைத்த கை சும்மா இருக்குமா? ஒழுகல் அடைக்கும் எம்-சீல் பசையைப் பிசைந்து ஓட்டையில் அப்பிவிட்டது.

[பம்புசெட் ஒழுகினால் கோளாறு. படகு மோட்டார் அப்படியில்லை. தன் சூட்டைத் தணிக்கத் தண்ணீரை உறிஞ்சி, அதில் கொஞ்சத்தை அந்த ஓட்டை வழியே வெளியே காட்டும். பீச்சுவது நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.]

3

பத்தாம் நாள் நடுக்கண்மாயில் சூடேறி, பிஸ்டன் இறுகிப் பிடித்து மோட்டார் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் உதிர்ந்திருந்தது. ஓட்டை திறந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

“நாந்தேன் ஓவரா ரேஸ் குடுத்துட்டேண்ணே,” என்றாள் ஒச்சாயி. “பொம்பளைக்கு இதெல்லாம் கைவராதுன்னு எங்க குழுவுல இருக்க காளையண்ணே அப்பவே சொன்னாரு. ஞாயித்துக்கெழம கூட்டத்துல படக அவருகிட்டயே குடுத்துரப் போறேன்.”

“பழைய எஞ்சின் தாயி, எம்புட்டுத்தேன் தாங்கும்,” என்று மட்டும் சொன்ன பாண்டியராஜன்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

முடிவு அ: அவர் உண்மையைச் சொல்கிறார், அவள் மன்னிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். மன்னிப்பை நானே எழுதிக்கொள்வது அசிங்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: புது ரப்பர் போட்டு, பிஸ்டனைச் சரிசெய்து, எம்-சீலைச் சத்தமில்லாமல் சுரண்டி எடுத்துவிடுகிறார். மோட்டார் ஓடுகிறது. படகைக் காளை ஓட்டுகிறார். இதுதான் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

5

பாண்டியராஜன் என்று யாரும் இல்லை. கடை என்னுடையது, அடைத்த கையும் இதுதான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கதை எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. தப்பை வேறொருவர் பெயரில் எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இன்று சனிக்கிழமை. ஒச்சாயி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

“என்னண்ணே, வந்ததுல இருந்து எழுதிக்கிட்டே இருக்கீக? எஸ்டிமேட்டா?”

“இல்ல தாயி.”

“பெறகு?”

குழுவின் தீர்மான நோட்டை எழுதுவது அவள்தான். நன்றாகவே படிப்பாள்.

முடிவு இ: தாயி, நீ ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினைக் கெடுத்தது நான். வாயால் சொல்லத் துப்பில்லாமல் எழுதுகிறேன். நாளைக்குப் படகை யாரிடமும் கொடுத்துவிடாதே. இந்தத் தாளைக் கூட்டத்தில் காட்டு. கூப்பிட்டால் நானும் வருகிறேன். என்னைத் திட்டுவதா, பேசாமல் எழுந்து போவதா என்பதை இதற்குக் கீழே நீதான் எழுத வேண்டும். பேனாவை உன் பக்கம் வைக்கிறேன்.