இடது காதுப் பக்கம்

...இல்லை, ஒன்றும் குறையவில்லை, ரிஸ்னா சொன்னதெல்லாம் வீண் பேச்சு, புது ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, அதே அடி, அதே முரட்டுத்தனம், பிரதீபனின் குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, கரகரத்தால் என்ன, ரொக் பாடுகிறவனுக்குத் தொண்டை தேயத்தானே வேண்டும்... தனுஜா கத்தியைத் துடைத்து வாளிக்குள் போட்டுவிட்டுப் பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். கடைசி மரமும் வெட்டியாயிற்று. இனி பால் சிரட்டைகளில் இறங்கி நிற்கும்வரை அவளைக் கேட்க ஆளில்லை, ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவளுக்குச் சொந்தமாகக் கிடைப்பது இந்த இடைவெளிதான், கூட வெட்டும் தங்கம்மா அக்கா இந்நேரம் வெற்றிலையை மென்றபடியே கண்ணயர்ந்திருப்பாள், தனுஜா 'ஒன்பதாம் வளைவு' பேண்டின் பாட்டுகளைக் கேட்பாள். வீட்டில் முடியாது, லயத்து வரிசை வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு, மாமியாரின் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் எந்தக் கிட்டாரும் எடுபடாது. இங்கேதான், அதுவும் ஒரு காதில்தான். கந்தையா கங்காணியின் சட்டம் அது, "ஒரு காத பாட்டுக்காரனுக்குக் குடு புள்ள, மத்தத எனக்குக் குடு. பன்னி வந்தா பாட்டா வந்து ஒன்னயத் தூக்கிக்கிட்டு ஓடும்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் ஹெட்செட்டின் வலது முனை காதில், இடது முனை சட்டைக் கழுத்துக்குள், அப்படியே பழகி, உட்கார்ந்திருக்கும்போதுகூட அதை வெளியே எடுக்கத் தோன்றுவதில்லை.

நான்கு பாட்டு முடிந்தபோதே ரிஸ்னாவுக்குக் குரல்பதிவு அனுப்பிவிட்டாள். "ஒண்ணும் கொறையல. பழைய மாதிரியேதான் இருக்கு. ஸாஜித் போனா போகட்டும், ஞாயித்துக்கெழமை கொழும்புக்கு அவங்க ஷோவுக்குப் போறோம், சரியா?" என்று. இந்தப் பாறையில்தான் சிக்னல் நிற்கும். பதில் உடனே வந்தது, தெரணியகலையில் அந்தக் கைபேசிக் கடையில் ரிஸ்னாவுக்கு வேறென்ன வேலை. "ஒனக்குக் காது ஈக்கா டீ?" காது இருக்கிறதா என்று, அவ்வளவுதான். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாது, அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது... ஸாஜித் பேண்டை விட்டுப் போன செய்தி வந்த அன்று ரிஸ்னா கைபேசியில் அழுதே விட்டாள், அவன் இல்லாட்டி அது பேண்டே இல்ல, நான் கொழும்புக்கு வர மாட்டேன் என்றாள், தனுஜாவுக்கு எரிச்சலாக வந்தது, அவன் அப்படி என்ன வாசித்துவிட்டான், அவன் கிட்டார் கேட்கவே கேட்காதே, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதே, "ஒங்க முஸ்லிம் ஆளுங்கிறதுனாலதான ரிஸ்னா?" என்று வாயில் வந்துவிட்டது. ரிஸ்னா மெதுவாக, "நீயா இதச் சென்ன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஒரே பேண்ட், ஒரே பாட்டுகள், அவிசாவளைக் கார்மெண்டில் ஒன்றாக வேலை செய்த நாளிலிருந்து ஒன்றாகக் கேட்டவை, இவளுக்குக் கேட்காத ஒன்று அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்?

ஐந்தாம் பாட்டு. நல்ல பாட்டு, இதைத்தான் மேடையில் கடைசியாக வாசிப்பார்கள், அவளால் அடித்துச் சொல்ல முடியும்... நடுவில் சட்டென்று எல்லாம் நின்றது. வயர் போய்விட்டதா? முறுக்கிப் பார்த்தாள். காதில் ஒன்றுமில்லை. மரங்களுக்கிடையே சொட்டுச் சொட்டாகப் பால் சிரட்டைகளில் விழுந்துகொண்டிருந்தது. சட்டைக்குள் கிடந்த இடது முனையை இழுத்து அந்தக் காதிலும் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பாட்டு திரும்பி வந்தது, ஓ, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்... ஆனால் வலது பக்கம்தான் கிட்டார் முழங்கியது. இடது பக்கம் பிரதீபனின் குரலும் டிரம்மும் லேசாக இருந்தன, அதற்கப்பால் வெறுமை, ஆள் எழுந்துபோன நாற்காலியைப் போல. சட்டைக்குள் கிடந்து கிடந்தே பழுதாகிவிட்டதோ இந்த முனை? நன்றாகத் தெரிந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ஆயிற்று. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைத் தட்டினாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதன் ஒவ்வொரு அடியையும் சொல்லுவாள்.

இடது காதுக்குள் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

யார் இது, இது எந்தப் பாட்டு, இல்லை, அதே பாட்டுதான், வலப்பக்கம் அவளுக்குப் பாடமான அதே கிட்டார், இடப்பக்கம் இன்னொன்று, மெலிந்த, பிடிவாதமான ஒன்று, பிரதீபன் ஒரு வரி பாடி முடித்தால் அந்த வரியைக் கேள்வியாக்கித் திருப்பிப் போடுகிறது, அவன் கத்தும்போது இது முணுமுணுக்கிறது... அடுத்த பாட்டு, அதிலும் இருக்கிறது. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் இருந்திருக்கிறான் ஸாஜித். இத்தனை வருடமும் அவளுடைய சட்டைக் கழுத்துக்குள் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கார்மெண்ட் பஸ் நினைவுக்கு வந்தது, ரிஸ்னாவுக்கு எப்போதும் இடதுபக்கத்து ஜன்னலோரம், ஒரே ஹெட்செட், ஆளுக்கொரு முனை, "எனக்கு இந்தப் பக்கம், ஒனக்கு அந்தப் பக்கம்," தலையோடு தலை சாய்த்துக்கொண்டு, ஒரே பாட்டைக் கேட்கிறோம் என்று... ஒரே பாட்டையா கேட்டோம்?

"ஏய் தனுஜா, பால் ஒறஞ்சு கெடக்கட்டும்னு இருக்கியா?" கீழேயிருந்து கங்காணியின் குரல். "இந்தா வாறேங்க!" எழுந்தாள். ஆல்பம் நல்ல ஆல்பம்தான், அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமில்லை, வலது காதுக்கு அது நல்ல ஆல்பம். கைபேசியை எடுத்து, மன்னிப்பு என்று தொடங்கி, அழித்து, குரலில் வேண்டாம் என்று நினைத்து, எழுத்தில் ஒன்றை மட்டும் அனுப்பினாள்: நீ எந்தக் காதுல கேப்ப? பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. ரிஸ்னா எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. தனுஜா காத்திருக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு, வலது முனையைக் கழற்றிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, இடது காதில் மட்டும் பாட்டோடு முதல் மரத்தை நோக்கி இறங்கினாள், தெரிந்த வரிகளை முணுமுணுக்கப் பார்த்தாள், இந்தப் பக்கமிருந்து கேட்கும்போது அவை எங்கே தொடங்குகின்றன என்று பிடிபடவில்லை.