இலையில் ஒரு காலி இடம்

ஐந்தரைக்கு மாரிக்கண்ணன் எழுந்தான். பாயைச் சுருட்டினான். குழாயில் தண்ணீர் பிடித்தான், குளித்தான். டீ போட்டுக் குடித்தான். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பிறகுதான் இன்று பதினாறாம் நாள் என்பது உறைத்தது. கழற்றி வைத்தான்.

எட்டு மணிக்குள் தாராவியின் அந்த ஒற்றை அறை நிறைந்துவிட்டது. மனைவி பிரேமலதாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்த மாமியார் சண்முகவடிவு எல்லாம் படைத்துவிட்டு, வலது ஓரத்தில் கையகல இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். செத்தவர் கடைசியாக வாய்விட்டுக் கேட்டதை அங்கே வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

என்ன கேட்டாள் என்று மூன்று நாளாக அவனைத் துளைத்தெடுத்தார்கள். நினைவில்லை என்றே சொல்லிவந்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தாணேயிலிருந்து அவள் தங்கை பானிபூரி என்றாள். சித்தப்பா பால்கோவா என்றார். எல்லாமே அவளுக்குப் பிடித்தவைதான்.

மைத்துனன் சுடலைக்கண்ணன் போனும் கையுமாக நின்றான். “என்னன்னு மட்டும் சொல்லுங்க மச்சான். பத்து நிமிசத்துல ஆப்ல வந்துரும்.”

பால்கோவா என்று சொல்லிவிடலாம். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஆனால் கேட்காததை வைத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? இதையெல்லாம் நம்புகிறோமா என்றே அவனுக்குத் தெரியவில்லை. நம்பாதவனுக்குப் பொய் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை என்பதும் புரியவில்லை.

நினைவில்லாமல் இல்லை. அன்று டெங்கு வார்டிலிருந்து கீழே இறங்கிப் போனான். கால் மணி நேரம். திரும்பி வந்தபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவன் வாயில் பூண்டுச் சட்னியின் காரம் அப்படியே இருந்தது. இதை யாரிடம், எப்படிச் சொல்வது?

சண்முகவடிவு அவன் கையைப் பிடித்தாள். “எம்புள்ள பசியோட போயிரக் கூடாதுய்யா, மருமவனே.”

“அவ தனக்குன்னு எதுவும் கேக்கல அத்த” என்றான். பிறகு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் அத்தான். நீங்க கீழ போயி வடா பாவ் தின்னுட்டு வாங்க. பசிச்சா ஒங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்காது.”