கீறல் விழுந்த வரி

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் இசைத்தட்டின் ஊசி கீறலில் மாட்டிக்கொண்டால், பாட்டோடு சேர்ந்து நேரமும் அதே இடத்தில் சுற்றும். யாராவது எழுந்துபோய் ஊசியைத் தட்டிவிடும்வரை ஊற்றிய தேநீர் பாத்திரத்துக்குத் திரும்பும், தும்மியவர் மறுபடி தும்முவார். ஒரேயொரு தட்டில்தான் அந்தக் கீறல். கல்யாணமான புதிதில் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கைதவறிப் போட்டதில் விழுந்தது. தெருக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர் மனைவி தையல்காரி. விலை கூடிய துணியென்றால் கீறல் விழுந்த அந்த வரி வரும்போதுதான் கத்தரி வைப்பாள். கோணிப்போனால் துணி தானே ஒட்டிக்கொள்ளும், நிதானமாக மறுபடி வெட்டலாம். மெக்கானிக்குக் கொஞ்சம் வாய் நீளம். அந்த வரி வந்தால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார், சுற்றி வந்ததும் நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டு ஊசியைத் தட்டுவார். திரும்பிப்போன பேச்சை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம்.

பெற்றோர் போனபின் தையல்காரி தூக்கி வளர்த்த தம்பி ஒருவன் இருந்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் வருவான், மச்சானை வம்புக்கிழுப்பான். “தட்டுல கேக்குறது பாட்டு பாதி, தூசி பாதி மச்சான்” என்பான். “உன் கம்ப்யூட்டர் பாட்டு ஆஸ்பத்திரித் தரை மாப்ளே. சுத்தமாத்தான் இருக்கு, அதுல படுத்துத் தூங்க முடியுமா?” என்பார் அவர். இருவரையும் பார்த்துத் தையல்காரிக்குச் சிரிப்புத் தாங்காது. ஒரு ஞாயிறு, திரைக்குப் பின்னாலிருந்து கீறல் தட்டில் இருக்கும் அதே பாட்டைப் போடுகிறேன், தட்டா கம்ப்யூட்டரா என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று தம்பி பந்தயம் கட்டினான். பாட்டு கிளம்பியது. பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. அடியில் மெல்லிய தூசிச் சத்தம். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு உருகிப்போனார். “ஆஹா, இதுதான்டா என் தட்டு! இந்தச் சூடு உன் பெட்டியில வருமா?” தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிக்காமலே மெக்கானிக்குச் சுருக்கென்று ஏறியது. கீறல் வரியும் நெருங்கிவிட்டது. எப்படியும் திரும்பி வரும் என்ற தைரியத்தில் இருப்பதிலேயே மோசமானதை எடுத்து வீசினார்: “அக்கா சோத்துல வளந்த பய, நீ எனக்குப் பாட்டு சொல்லித் தர்றியா? இனி இந்த வாசல மிதிக்காத!” வீசிவிட்டுக் காத்திருந்தார். பாட்டு வழுக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஓடியது கம்ப்யூட்டர்; தூசிச் சத்தத்தைக் குறும்புக்காகச் சேர்த்த தம்பி கீறலைச் சேர்க்கவில்லை.

அவன் எழுந்து போனவன்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. தையல்காரி துணியை மடித்து ஓரமாக வைத்தாள். “உங்க தட்டும் வேணாம், அவன் கம்ப்யூட்டரும் வேணாம். எனக்கு என் தம்பி வேணும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டையும் அதைச் சுழற்றும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போனார். ஊசியை வைத்தார், கீறல் வந்தது, “நீ சிரிச்சதாலதான்டா…” என்று ஆரம்பித்தார். பாடகி மட்டும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேரம் அதுபாட்டுக்கு முன்னால் போனது. வித்தை வீட்டுக்குள் மட்டும்தான் போலிருக்கிறது. தம்பியின் முகம் இன்னும் சுருங்கியது. மெக்கானிக் ஊசியை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார்: “தப்பு என்னோடதுதான், ஆனா…”

“என்ன மச்சான், ஆனா?”

“ஆனாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். வீட்டுக்கு வாடா. நீ வராம வீடு வீடா இல்ல.”

தம்பிக்குக் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. “இன்னொரு வாட்டி சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்” என்றான். சொன்னார்.

சாயங்காலம் முதலில் மெக்கானிக் வீட்டுக்குள் போய்ப் பெட்டியை மேசைமேல் வைத்துத் தட்டைச் சுழலவிட்டார். தம்பி வாசற்படியில் கால் வைத்தபோது ஊசி கீறலில் மாட்டியது. “வாடா” என்று ஓடிவந்து அக்கா அவன் கையைப் பிடித்தாள். உடனே அவன் வெளியே நின்றான், மறுபடி படியேறினான், மறுபடி “வாடா” என்று ஓடிவந்தாள். ஊசியைத் தட்ட மெக்கானிக் எழவே இல்லை. இருட்டத் தொடங்கியபோது, “அக்கா, கால் வலிக்குது, யாராவது ஊசியத் தட்டி விடுங்க” என்று தம்பி கெஞ்சினான்.

“இன்னும் ஒரே ஒரு வாட்டிடா” என்றாள்.