வலது காலின் உண்மை நகல்

ரோஸ் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் ரோஸ் என்று கேட்பார்கள். ஐந்து பிளேடு இருக்கிறது என்று சொல்லலாம். ஐந்து பிளேடு போட்டு எடுக்கும்படி காலில் அப்படி என்ன இருக்கிறது என்பார்கள். அந்தக் கேள்வி வரைக்கும் போக விடக் கூடாது.

இப்படி யோசித்தபடி என் குளியலறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகளிர் ரேஸர் ஒதுக்கீட்டு அலுவலகம் இங்கே வந்து மூன்று நாளாகிறது. வீட்டிலேயே மழித்துக்கொள்கிறவர்களின் வசதிக்காக மாற்றியிருக்கிறார்கள். இன்று நாலரைக்குள் எனக்கான ரேஸரை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் என் கால்கள் இரண்டும் கேட்பாரற்றவை என்று பதிவாகும்.

கதவிலிருந்து வாளி வரைக்கும் முன்பு நாலு அடி. இப்போது நடுவில் நீளமான பெஞ்ச் போடும் அளவுக்கு நீண்டுவிட்டது. எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஓர் அறிவிப்பு: 'அமரும்போது இரு கால்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.' இருந்தன.

என் டோக்கன் ஒன்று. எனக்கு முன்னால் பதினொரு பேர். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை.

எனக்கு ரேஸரிடம் பயமில்லை. வலது கெண்டைக்காலின் உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. நீள்வட்டமாக, பளபளப்பாக, முடி முளைக்காமல். பத்தொன்பது வயதில் என் தோழி ஷமீமாவின் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினேன். தனியாக. அக்கரையில் ஒரு டீ குடித்தேன். திரும்பும்போது பாலத்தின் நடுவில் நிறுத்திக் கால் ஊன்றினேன். சைலன்சர் சுட்டது. வீட்டில் இஸ்திரிப்பெட்டி என்று சொன்னேன். பிறகு கல்யாணமானது. கணவரிடமும் இஸ்திரிப்பெட்டிதான். அந்த நாளுக்கு என் காலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

உள்ளேயிருந்து எதிர்வீட்டு ஹெப்சிபா அக்கா வந்தார். கையில் ஒற்றைச் செருப்பு.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"வழவழன்னு இருக்குடி. தொட்டுப் பாரேன்."

அவருடைய முழங்காலில் ஏழு தையல் போட்ட அடையாளம் இருக்கும். காலேஜ் கபடியில் விழுந்தது. லிஃப்ட் பழுதான நாளெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே படியேறுவார். இப்போது முழங்காலில் ஒன்றுமில்லை.

"அந்தக் கபடித் தையல் எங்கக்கா?"

"எந்தக் கபடி?"

"நீங்கதானே கேப்டன்."

"நல்லா இருக்குடி நீ சொல்றது, நானாவது கபடியாவது, நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினாலே எனக்கு மூச்சு வாங்கும், இதுல கோட்டைத் தாண்டிப் போய் எவளைத் தொடப் போறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

அவர் போவதைப் பார்த்தேன். இரண்டும் இடது கால்கள். கையில் இருந்தது வலது காலின் செருப்பு.

"ஒண்ணாம் நம்பர்" என்று கூப்பிட்டார்கள். நடந்தேன். நடக்க நடக்க வாளி தள்ளிப் போனது. பின்னால் கணவர் கதவு தட்டும் சத்தம்.

"செண்பா, இன்னும் ஆகலையா? நான் குளிக்கணும்."

"ஆபீஸ் நடக்குதுங்க."

"எதையாவது ஒண்ணை எடுத்துட்டு வாயேன். புடவைக் கடையிலயும் இதே கதைதான்."

கீசருக்குக் கீழே மேசை போட்டு எழுத்தர் தங்கப்பழம் உட்கார்ந்திருந்தார். பேனாக்களை என் குளியல் மக்கில் வைத்திருந்தார். அதிகாரி மேடம் போன வாரம் வரை மனுஷிதான். பதவி உயர்வில் கீசராகிவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தால் கேட்கிறார் என்று பொருள்.

"பேரு?"

"செண்பகவல்லி."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அத்தாட்சி?"

நைட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன். தங்கப்பழம் மரியாதை தெரிந்தவர். குழாயைப் பார்த்தபடியே குறித்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டை விரித்து மூன்று ரேஸர்களை வைத்தார்.

"ரோஸ். அஞ்சு பிளேடு. தலை எல்லாப் பக்கமும் திரும்பும். சோப்புப் பட்டை இருக்கு, எரியாது. முடியையும் எடுக்கும், முடிக்குக் கீழ நடந்ததையும் எடுக்கும்."

"நீலம்?"

"ரெண்டு பிளேடு. ஒரு தடவைதான் உபயோகம். அப்புறம் நீங்களும் ஒரு தடவைதான்."

"வெள்ளை?"

"பேட்டரி. தோலைத் தொடாது. சத்தம் மட்டும் போடும். அந்தச் சத்தம் கேக்கற தூரத்துல இருக்கறவங்க எல்லாரும் உங்களை மறந்துடுவாங்க."

"முடியை மட்டும் எடுக்கறது இல்லையா?"

"அது ஆம்பளைங்க செக்‌ஷன்மா."

கையைத் துண்டில் துடைத்தேன். துண்டு என்னுடையதுதான்.

"எதை எடுத்தாலும் ரெண்டு காலும் ஒத்துப் போகணும்" என்றார். "இடது கால் வலது காலோட உண்மை நகல்னு மேடம் பச்சை மையில கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

அடிக்கோலை எடுத்தார். குழாயைப் பார்த்துக்கொண்டே அளந்தார். இடது கால் முடிந்தது. வலது காலில், கெண்டையின் உள்பக்கம், அடிக்கோல் நின்றது.

"இதென்ன?"

"தழும்பு."

"இடதுல இல்லையே."

"இடதுக்கு நடக்கல."

"காரணம்?"

"இஸ்திரிப்பெட்டி."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இஸ்திரிப்பெட்டி வெளிப்பக்கம் சுடும். இது உள்பக்கம். மேடம் கேக்கறாங்க."

"என்னன்னு?"

"உக்காந்த விதம்."

பெஞ்சில் பேச்சு நின்றது. கதவு தட்டுவதும் நின்றது. வெளியே கணவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. பத்தொன்பது வருடமாக நான் இந்த நிமிடத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்பதும் தெரிந்தது. அது என் குளியலறையில், ஈரத்தரையில் வரும் என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை.

"ஒரு பக்கமா உக்காந்தா அங்க சுடாது. ரெண்டு பக்கமும் கால் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பின்னாடியா, முன்னாடியா?"

"முன்னாடி."

"பின்னாடி யாரு?"

"யாருமில்ல."

தங்கப்பழம் முதல்முறையாகக் குழாயை விட்டு என்னைப் பார்த்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கட்டம் இல்லம்மா."

"அப்ப?"

"ரோஸை எடுத்துக்குங்க. அஞ்சு இழுப்புல ரெண்டும் ஒண்ணாயிடும். வலது ஒரிஜினலை இங்க ஒப்படைச்சிட்டு நகலா இன்னொரு இடது வாங்கிட்டுப் போங்க. வீட்டு வேலைக்கு நகல் போதும்."

"ஒரிஜினலை எப்பத் திருப்பித் தருவீங்க?"

"எப்ப வேணா. கேட்டு வரணும். இதுவரைக்கும் யாரும் வரல."

"ஏன்?"

"மறந்துடறாங்க."

பரணைக் காட்டினார். வலது கால்களைப் பத்துப் பத்தாக நாடா போட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள். மேலே கிடந்த ஒன்றின் முழங்காலில் ஏழு தையல். அது மட்டும் கபடிக் கோட்டில் நிற்பதுபோல லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மணி நாலு இருபத்தெட்டு.

"செண்பா" என்றது கணவரின் குரல். கதவு இப்போது வெகுதூரத்தில் இருந்தது. "ரோஸையே எடுத்துக்கோ. இஸ்திரிப்பெட்டின்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேர் கேக்கறாங்க பாரு."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ரோஸ் ரேஸரைக் கையில் எடுத்தேன். பிடி நன்றாக இருந்தது. அதன் தலை தானாகத் திரும்பி, கெண்டையின் உள்பக்கத்தைப் பார்த்து நின்றது. தழும்பு சுட்டது. சுட்டவுடன் பாலத்தின் காற்று வந்தது. அந்த டீயில் சர்க்கரை அதிகம். குடிக்கும்போது கடைக்காரர், "வண்டி யாருதும்மா?" என்று கேட்டார். "என்னுதுதான்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஷமீமாவிடமும்.

ரேஸரைத் துண்டின் மேல் வைத்தேன். பிடி தங்கப்பழத்தின் பக்கம் இருக்கும்படி.

"நீலமா?"

"இல்லீங்க."

"வெள்ளையா?"

"அதுவும் வேண்டாம்."

"அப்படி ஒரு வழி இல்லம்மா. மணி பாருங்க. ஒரு கையெழுத்துத்தான்."

"ஒரிஜினலை நானே வச்சுக்கறேன்."

"நாலரைக்கு மேல அது யாரு காலுமில்ல."

"சரி."

குழாயிலிருந்து பச்சையாக ஒரு சொட்டு விழுந்தது. படிவத்தில் அல்ல, தரையில். மணி நாலரை ஆனது. கேட்பாரற்ற கால்களால் பெஞ்ச் வரை நடந்தேன். ஒன்று இடது, ஒன்று வலது. இரண்டிலும் முடி அப்படியே இருந்தது.

பெண்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி அறிவிப்பைக் கண்ணால் காட்டினாள். படித்தேன். நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்தேன். வலது காலைத் தூக்கிப் பெஞ்சைத் தாண்டிப் போட்டு, இரண்டு பக்கமும் ஊன்றி உட்கார்ந்தேன்.

"ஒரே பக்கம்மா" என்றார் தங்கப்பழம், குழாயைப் பார்த்து.

நான் காலை எடுக்கவில்லை.