செல்லாத வெற்றி

என் மைத்துனன் ராய்ஸ், ஆல்டன் பல்கலைக்கழகத்துப் பச்சைத் தொப்பியோடு மைதானத்து வண்டி நிறுத்தத்தில் வந்து இறங்கியபோதே எனக்கு வயிறு எரிந்தது. ஆல்டன் எழுபது வருடம் எங்கள் கிளேபோர்ன் கல்லூரியோடு ஒரே லீக்கில் அமெரிக்க ஃபுட்பால் ஆடியது. டிவிக்காரன் காசைக் காட்டியதும் கிழக்கே ஒரு பணக்கார லீக்குக்கு ஓடிப்போனது. போகிற போக்கில் எங்களோடு வருடாவருடம் ஆடும் ஆட்டத்தையும் வெட்டிவிட்டது. அந்தக் கூட்டத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்துக்கு முன்னால் என் பிக்கப் வண்டியின் இறக்கிவிட்ட பின்கதவில் உட்கார்ந்து, என் மாட்டுக்கறிச் சில்லியைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றான்.

"என்ன மச்சான், இந்த வருஷமாவது பவுல் உண்டா?" என்றான் வாய் நிறையக் கறியோடு.

"இன்னிக்கு ஜெயிச்சா ஆறு. ஆறு ஜெயிச்சா பவுல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாயை மூடிட்டுத் தின்னு."

சீசன் முடிந்ததும் டிசம்பரில், பனி விழாத ஏதாவது ஓர் ஊரில் நடக்கும் அந்தப் பவுல் ஆட்டத்தில் ஆடுவதுதான் என் மகன் கோல்பியின் ஒரே ஆசை. கிளேபோர்னில் சேர்ந்த நாளிலிருந்து முன்வரிசையில் நின்று எதிராளிகளை முட்டுகிறான். முட்டியில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. ஒரு தடவைகூட அவன் அணிக்கு அழைப்பு வந்ததில்லை.

அன்று ஜெயித்தோம். மாணவர்கள் கொண்டாட்ட வெறியில் மைதானத்துக்குள் பாய்ந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் போடப் போனார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

வண்டிக்குத் திரும்பினால் ராய்ஸ் இளித்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கம்பத்தைத் திரும்ப நட்டுடச் சொல்லு மச்சான். உங்களுக்கு அஞ்சுதான்."

"குடிச்சிருக்கியா?"

"கீழ்ப்பிரிவுக் காலேஜ்களை எத்தனை தடவை அடிச்சாலும், வருஷத்துக்கு ஒண்ணுதான் கணக்குல சேரும். நீங்க ரெண்டு அடிச்சிருக்கீங்க. ரூல் படிக்கிற பழக்கமே இல்லையா?"

இரண்டாவதை ஏன் ஆடினோம் என்று எனக்குத் தெரியும். ஆல்டன் விட்டுப்போன சனிக்கிழமை காலியாகக் கிடந்தது. வேறு யாரும் வர மறுத்ததால், கையில் அகப்பட்ட ஒரு குட்டிக் கல்லூரியைக் கூப்பிட்டு எங்கள் நிர்வாகம் அந்த ஓட்டையை அடைத்தது. அதை நசுக்கிவிட்டு ஊரே கூத்தாடினோம். ஒரு மடையனும் விதியைப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"உங்க கூட்டம் ஓடினதாலதான்டா அந்த ஓட்டையே வந்துச்சு!" அவன் சட்டையைப் பிடித்தேன். கிண்ணம் கவிழ்ந்தது.

"கையை எடு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அப்போதுதான் கோல்பி வந்தான். தலை ஈரம், நடையில் லேசான நொண்டல். பிடித்த சட்டையை விட்டேன். இவன் தலையில் நானா கல்லைப் போடுவது?

"கோல்பி, ஒரு விஷயம்..."

"தெரியும்ப்பா. திங்கட்கிழமையே கோச் சொல்லிட்டார். வெளிய மூச்சு விடாதீங்கன்னார். டிக்கெட் விக்கணும்ல."

"அப்ப எதுக்குடா இன்னிக்கு உசிரைக் குடுத்து முட்டின?"

அவன் என்னைப் பார்க்கவில்லை, ராய்ஸைப் பார்த்தான். "மாமா, இன்னும் சொல்லலையா?"

"உன் வாயாலேயே சொல்லு மாப்ள."

"ஆல்டன் கோச் டிவில பாக்கிறேன்னு சொல்லியிருந்தார்ப்பா. அடிபட்டு உக்காந்த வருஷத்துக்குப் பதிலா எனக்கு ஆட இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அங்க மாறப்போறேன். மாமாதான் பேசி முடிச்சார்."

என் சில்லியைத் தின்றுகொண்டே என் பிள்ளையையும் கொத்திக்கொண்டு போகிறான்.

"அந்தத் துரோகிங்ககிட்டயாடா?"

"அவங்களுக்கு வருஷம் தவறாம பவுல் கிடைக்குது. என் முட்டி இன்னும் ஒரு சீசன்தான் தாங்கும். உங்க கோபத்துக்காக அதை இங்க உடைச்சுக்க முடியாதுப்பா."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"ஆட்டம் பாக்க வருவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வருவேன். ஒரு ஆட்டம் விடமாட்டேன். எதிராளி பக்கம் உக்காந்து, நீங்க தோக்கணும்னு தொண்டை கிழியக் கத்துவேன்."

ராய்ஸ் கடகடவென்று சிரித்தான். கோல்பி சிரிக்கவில்லை. அவன் என் பிள்ளை. நான் அதை நிஜமாகவே செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.